நீரும் நாதமும்: மலைநாட்டு இல்லங்களில் இசைக்கேள்வியின் வரலாறு

இலங்கை வானொலியைப் பற்றி எழுதியவர் பலர். ஒலிபரப்பாளரின் குரல்வளம், நிகழ்ச்சிகளின் சிறப்பு, கடல் கடந்து தமிழகத்தில் அது பெற்ற செல்வாக்கு ஆகிய யாவும் நூல்களிலும் மலர்களிலும் பதிவு பெற்றுள்ளன. ஆயின், அக்குரலைக் கொண்டுவந்து சேர்த்த பெட்டி எத்தகையது, அப்பெட்டி எவ்வாறான அறையில் இருந்தது, அதிலிருந்து எழுந்த ஒலி எவ்வளவு நல்லது என்னும் வினாக்களை எழுப்பியவர் மிகச் சிலரே. கேட்போரின் பக்கத்திலிருந்து எழுதப்படும் இவ்வரலாற்றின் ஒரு சிறு பகுதியை, மத்திய மலைநாட்டை, சிறப்பாகப் பொல்பிட்டியச் சூழலை நிலைக்களமாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பொல்பிட்டியவைத் தெரிந்தெடுத்தமைக்குக் காரணம் உண்டு. கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலியா ஓயாவும் கூடிக் களனி கங்கையாகும் மலைச்சரிவில் அமைந்தது அவ்வூர். நாட்டின் நீர்மின் நிலையங்களுள் ஒன்று அங்கே இயங்குகின்றது. வீட்டில் நல்லிசை கேட்பதற்கு வேண்டிய முதற்பொருள் மின்சாரமே. அது பிறக்கும் இடத்திலேயே வாழ்ந்த மக்கள் அஃதின்றி எவ்வாறு இசை கேட்டனர், அதனைப் பெற்ற பின்னர் எவ்வாறு கேட்டனர் என்பது வரலாற்று மாணவன் ஒருவன் விடுத்துச் செல்லத்தகாத வினா ஆகும்.

முதலில் சொல்லைத் தெளிவுசெய்து கொள்வோம். ஹை-பை என இன்று கடைத்தெருவிலும் வழங்கும் சொல், மூல ஒலிக்கு உண்மையாக இருத்தல் என்னும் பொருளுடையது. பாடகரின் குரல் மண்டபத்தில் எவ்வாறு ஒலித்ததோ, அதற்கு இயன்றவரை அணித்தாக வீட்டிலும் ஒலிக்கவேண்டும் என்பதே அதன் குறிக்கோள். இச்சொல்லைத் தாமே 1927 ஆம் ஆண்டில் ஆக்கியதாக ஹார்ட்லி என்னும் ஆங்கிலேயப் பொறியியலாளர் பின்னாளில் உரிமை கூறினார். பெருத்த ஓசை வேறு, உண்மையான ஓசை வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளும் மயக்கம் நம் திருவிழாப் பந்தல்களிலே இன்றும் தெளியவில்லை.

மின்சாரத்தின் வரலாற்றை முன்வைத்தாலன்றி இசைக்கேள்வியின் வரலாறு விளங்காது. 1912 ஆம் ஆண்டளவில் நுவரெலியா நகருக்கு ஒளியூட்டுவதற்காக நானுஓயாவுக்கு அருகே பிளாக்பூல் என்னுமிடத்தில் ஒரு சிறு நீர்மின் நிலையம் அமைந்தது. அதனை அமைத்த பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திரா 1918 ஆம் ஆண்டில் இலங்கைப் பொறியியற் சங்கத்தில் ஓர் ஆய்வுரை வாசித்து, களனியின் மேற்கிளைகளாகிய ஆறுகளின் வீழ்ச்சியைக் கொண்டு நாடு முழுவதற்கும் மின்சாரம் வழங்கலாம் என்று நிறுவினார். அக்கனவு நனவாக முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. லக்ஷபான நிலையத்தின் முதற்கட்டம் 1950 ஆம் ஆண்டில் 25 மெகாவாற்று ஆற்றலுடன் இயங்கத் தொடங்கியது. 1958 இல் இரண்டாங் கட்டம் சேர்ந்தது. 1965 இல் விமலசுரேந்திராவின் பெயர் தாங்கிய நிலையமும், 1969 இல் 75 மெகாவாற்று ஆற்றலுடைய பொல்பிட்டிய நிலையமும் தோன்றின.

இவற்றுக்கு முன்னரே பல தோட்டங்கள் தத்தம் ஓடைகளில் சிறு சுழலிகளை அமைத்துத் தேயிலைத் தொழிற்சாலையை ஓட்டி வந்தன. அம்மின்சாரம் கொழுந்து உலர்த்தவும் அரைக்கவும் பயன்பட்டது. துரையின் பங்களாவுக்கும் சென்றது. லயத்தைச் சென்றடையவில்லை. நாட்டு மின்வலை வந்த பின்னரும் நிலைமை விரைந்து மாறிற்றில்லை. உயரழுத்தக் கம்பிகள் லயங்களின் கூரைக்கு மேலே கொழும்பை நோக்கிச் செல்ல, கூரைக்குக் கீழே மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கு எரிந்தது. லயங்களுக்கு மின்னிணைப்புப் பரவலாகக் கிடைத்தது இருபதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியிலேதான். ஒரே மலையில், ஒரே காலத்தில், இருவகை இசைக்கேள்வி நிலவியமைக்கு இதுவே அடிப்படை.

மின்சாரமின்றி இசை தந்த முதற்கருவி கிராமபோன். கைப்பிடியைச் சுழற்றி வில்லை முறுக்கினால், தட்டு நிமிடத்துக்கு 78 முறை சுழலும்; ஒரு பக்கம் மூன்று அல்லது மூன்றரை நிமிடங்களில் முடிந்துவிடும். இந்தியாவில் முதல் ஒலிப்பதிவு 1902 ஆம் ஆண்டில் கல்கத்தாவில் நிகழ்ந்தது. அந்நகரின் சியால்டாவில் 1908 இல் இசைத்தட்டு அச்சிடும் ஆலையும், 1928 இல் டம்டம்மில் அதனினும் பெரிய ஆலையும் எழுந்தன. தட்டின் மூலப்பொருளாகிய அரக்கோ இந்தியக் காடுகளின் விளைபொருள்.

கருவியைச் செப்பனிட்டு ஒலியைத் திருத்தும் பழக்கம் ஹை-பை யுகத்திலே தோன்றியதென எண்ணுதல் பிழை. கிராமபோன் வைத்திருந்தவன் எவனும் அதனைச் செய்தே தீரவேண்டும். எஃகு ஊசிகள் உரத்த ஒலி, நடுத்தர ஒலி, மெல்லொலி என வகைப்பட்டுச் சிறு தகரப் பெட்டிகளில் விற்கப்பட்டன. ஒரு பக்கம் ஓடியதும் ஊசியை மாற்றவேண்டும். மாற்றாது சிக்கனம் பார்த்தவன் தட்டின் தடத்தை அரித்துக்கொண்டான். பருத்த ஊசி ஓசையைப் பெருக்கித் தட்டைக் கெடுக்கும். மெல்லிய ஊசி தட்டைக் காத்து ஓசையைக் குறைக்கும். எதனைப் பெறுவதற்கு எதனை இழப்பது என்னும் இத்தெரிவே பிற்காலத்தில் ஆயிரக்கணக்கான ரூபாய் பெறும் கருவிகளை வாங்குவோரும் செய்யும் தெரிவாகும்.

இன்னும் பின்னோக்கிச் சென்றால், காமன்கூத்துக்கு முன்னர் தப்பை நெருப்பில் வாட்டும் கலைஞனையும் இவ்வரிசையிலேயே வைக்கவேண்டும். மலைக்குளிரில் ஈரம் ஏறித் தளர்ந்த தோல் வெம்மையால் இறுகித் தன் ஒலியைப் பெறுகின்றது. எப்பொழுது வாட்டலை நிறுத்துவது என்பதை அவன் விரலால் தட்டிச் செவியால் அறிகின்றான். அளவுகருவி எதுவும் அவனிடம் இல்லை.

வானொலியின் வருகை அடுத்த கட்டம். தந்தித் திணைக்களத்தின் தலைமைப் பொறியியலாளராயிருந்த எட்வர்ட் ஹார்ப்பர் 1920களின் முற்பகுதியில், கைப்பற்றப்பட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் உறுப்புக்களைக் கொண்டு அமைந்த ஒரு சிறு பரப்பியினால், கிராமபோன் இசையைப் பரீட்சார்த்தமாக ஒலிபரப்பினார். 1925 டிசெம்பர் 16 ஆம் நாள் ஒலிபரப்புச் சேவை முறையாகத் தொடங்கிற்று. இரண்டாம் உலகப் போரின்போது தென்கிழக்காசியப் படைத்தலைமையகம் நிறுவிய வானொலியின் ஆற்றல்மிக்க சிற்றலைப் பரப்பி, போருக்குப் பின் இலங்கை அரசின் கைக்கு வந்தது. 1949 இல் இலங்கை வானொலி தனித் திணைக்களமாயிற்று; 1950 இல் வர்த்தக சேவை பிறந்தது. 1952 இல் அகில இந்திய வானொலி திரையிசையைக் கட்டுப்படுத்தியபோது, தமிழகத்தின் செவிகளும் கொழும்பை நோக்கித் திரும்பின. எஸ். பி. மயில்வாகனத்தின் குரலை அறியாத தமிழ்க் குடும்பம் அந்நாளில் அரிது.

மின்சாரமற்ற வீட்டில் இக்குரலைக் கேட்க உதவியது பற்றரியில் இயங்கும் வால்வு வானொலி. அதற்கு இருவகை மின்கலம் தேவை. வால்வின் இழையைச் சூடேற்ற ஒன்றரை வோற்று, அதன் தகட்டுக்கு 90 வோற்று. இரண்டாவது கனமானது, விலையும் மிக்கது. ஆதலின் வானொலியைக் கேட்பதே அளந்து செய்யும் செயலாயிற்று. செய்தி, பாட்டு, நாடகம் என நேரம் வகுத்துத் திறந்து, முடிந்தவுடன் மூடினர். ஒரு லயத்தில் ஒரு பெட்டி இருந்தால், அந்த லயம் முழுவதும் அதனைச் சுற்றி அமர்ந்தது.

இவ்வகைப் பெட்டியின் இறுதி வால்வு தரும் ஆற்றல் ஏறக்குறைய கால் வாற்று. அதே காலத்தில் இங்கிலாந்தில் புகழ்பெற்றிருந்த வில்லியம்சன் விரியலாக்கி 15 வாற்றுத் தந்தது. அறுபது மடங்கு வேறுபாடு. விரியலாக்கி என நம் பாடநூல்கள் கூறுவது மக்கள் அம்ப்ளிபயர் என்னும் கருவியையே. அறுபது மடங்கு ஆற்றல் செவிக்கு அறுபது மடங்கு ஓசையாகத் தோன்றுமா எனின், தோன்றாது. ஆற்றல் பத்து மடங்கானால் ஓசை ஏறத்தாழ இரு மடங்காகவே உணரப்படுகின்றது. அறுபது மடங்கு ஆற்றல் மூன்றரை மடங்கு ஓசையாகவே படும். இரவின் அமைதியில், இயந்திர இரைச்சல் அற்ற மலைச்சரிவில், கால் வாற்றுப் பெட்டி ஒரு லயத்துக்குப் போதுமாயிருந்தமையில் வியப்பில்லை. இன்று விளம்பரங்களில் ஆயிரம் வாற்று என அச்சிட்ட எண்ணைக் கண்டு மயங்கும் மாணவர் இக்கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்தல் நன்று.

செப்பனிடும் கலையும் இங்கே புதுவடிவம் பெற்றது. சிற்றலை வானத்தின் மேலடுக்கில் தெறித்து மீள்வதாதலின் மலை மறைத்த பள்ளத்தாக்குக்கும் வந்துசேரும். ஆயின் எழுந்தும் தாழ்ந்தும் வரும். அதனை நிலைப்படுத்த ஒரே வழி நல்ல ஏரியல். இரு கம்பங்களுக்கிடையே, அல்லது வீட்டு முகட்டுக்கும் சவுக்கு மரத்துக்கும் இடையே, செப்புக் கம்பி இழுத்துக் கட்டினர். ஒரு முனையைப் பெட்டிக்கும், மற்றொரு கம்பியை ஈரமண்ணில் அடித்த இரும்புக் கோலுக்கும் சேர்த்தனர். கம்பியின் திசையை மாற்றிப் பார்ப்பதும், உயரத்தைக் கூட்டிப் பார்ப்பதும் ஓய்வுநாள் வேலையாயிருந்தன. இவற்றுக்குப் பணம் வேண்டியதில்லை, பொறுமையே வேண்டும்.

மின்சாரமற்ற எளிய மக்களுக்கென ஒரு வானொலியை உருவாக்கும் முயற்சி ஆபிரிக்காவில் நிகழ்ந்ததை இவ்விடத்து ஒப்புநோக்கலாம். வட ரொடீசியாவில் ஹரி பிராங்க்ளின் என்னும் அரசாங்க அதிகாரி இடைவிடாது முயன்றதன் பயனாக, 1949 ஆம் ஆண்டில் எவர் ரெடி நிறுவனம் அலுமினியக் கூடுடைய மலிவான பற்றரிப் பெட்டி ஒன்றை வெளியிட்டது. சமையற் பாத்திரத்தின் வடிவை ஒத்திருந்தமையால் அது அவ்வாறே பெயர் பெற்றது. ஐந்து பவுண் விலையில், தொழிலாளி ஒருவன் வாங்கக்கூடிய சிற்றலைப் பெட்டி அது. உலகம் எங்கும் மின்கம்பி எட்டாத இடத்து மக்களின் செவி இவ்வாறுதான் திறந்தது.

இனி, மின்கம்பி எட்டிய இடத்தில் நிகழ்ந்ததைப் பார்ப்போம். 1945 இல் லீக் என்பார் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மேற்படாத திரிபுடைய விரியலாக்கியை வெளியிட்டார். 1947 இல் வில்லியம்சன் தம் வடிவமைப்பை ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ இதழில் எழுத, உலகெங்கும் பொழுதுபோக்காளர் அதனைத் தம் கையாலேயே கட்டினர். 1948 இல் நெடுநேரம் ஓடும் இசைத்தட்டு அமெரிக்காவில் வெளிவந்தது. யோர்க்‌ஷயர் மாகாணத்தில் வார்ப்டேல் ஒலிபெருக்கிகளைச் செய்த கில்பர்ட் பிரிக்ஸ், 1954 ஆம் ஆண்டில் இலண்டன் றோயல் பெஸ்டிவல் மண்டபத்தில் பெருந்திரளான மக்கள் முன்னிலையில், நேரடி இசையையும் பதிவு செய்த இசையையும் மாற்றி மாற்றி ஒலிக்கச் செய்து ஒப்பிட்டுக் காட்டினார். விற்பனையாளர் ஒருவர் தம் பொருளை மெய்யான இசைக்கருவிக்குப் பக்கத்தில் வைத்துச் சோதனைக்கு விடுதல் துணிவான செயலே. இன்றைய கடைகள் எத்தனை இதற்கு உடன்படும்?

மலைநாட்டில் இத்தகைய கருவிகள் மின்சாரம் பெற்ற சில வீடுகளுக்கே உரியனவாயிருந்தன. அவ்வீடுகளில், பொல்பிட்டியவின் சுழலிகளுக்கும் இசைக்கும் இடையே நேரான ஓர் உறவு இருந்தமை பலர் எண்ணிப் பாராத செய்தி. அக்காலத்து இசைத்தட்டு மேடையைச் சுழற்றியது ஆடலோட்ட மோட்டர். அதன் வேகம் மின்சாரத்தின் மீடிறனைப் பொறுத்தது. இலங்கையின் மின்சாரம் 230 வோற்று, வினாடிக்கு 50 சுற்று. மின்வலையில் இணைந்த நிலையங்கள் யாவும் ஒரே மீடிறனில் சுழல்கின்றன. மாலையில் நாடு முழுவதும் விளக்கேற்றிச் சுமை ஏறும்போது அம்மீடிறன் சற்றே தாழும். 50 என்பது 49.5 ஆனால், வேகம் நூற்றுக்கு ஒன்று குறையும். சுருதி அரைச்சுரத்தின் ஆறில் ஒரு பங்கு இறங்கும். தனியே கேட்பவன் இதனை அறியான். தட்டோடு சேர்ந்து சுருதிப்பெட்டி வைத்துப் பாடிப் பயில்பவன் உடனே அறிவான். மலைச்சரிவில் ஒரு சுழலியின் வேகத்தைக் காக்கும் பணியாளன், தான் அறியாமலே ஹற்றனிலும் கொழும்பிலும் பாடகரின் ஆதாரசட்சத்தையும் காத்துநின்றான்.

அமெரிக்காவில் 60 சுற்றுக்கென அமைந்த மேடையை உறவினர் ஒருவர் கொண்டுவந்தால் என்ன ஆகும்? அழுத்தத்தை 110 வோற்றுக்குத் தாழ்த்தும் மாற்றி வாங்கி இணைத்துவிட்டால் போதும் என்பர். கருவி எரியாது என்பது மெய்யே. ஆயின் தட்டு ஆறில் ஐந்து பங்கு வேகத்திலே சுழலும். 33⅓ சுற்று ஏறக்குறைய 27.8 ஆகும். ஆறுக்கு ஐந்து என்னும் விகிதம் நம் இசையில் சாதாரண காந்தாரத்துக்கும் சட்சத்துக்கும் உள்ள இடைவெளியே. பெண்குரல் ஆண்குரலாகித் தளர்ந்து ஒலிக்கும். கராட் போன்ற ஆங்கில நிறுவனங்கள் 50 சுற்றுக்கும் 60 சுற்றுக்கும் வெவ்வேறு அளவான கப்பிகளை வழங்கியமை இதனாலேயே. கருவி வாங்குவோன் அழுத்தத்தோடு மீடிறனையும் நோக்கவேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. 1970களில் படிகத்தால் வேகம் காக்கும் நேரோட்ட மேடைகள் வந்தபோதே இத்தொல்லை ஒழிந்தது.

திரான்சிஸ்டர் கண்டுபிடிப்பு 1947 ஆம் ஆண்டிறுதியில் நிகழ்ந்தது. 1954, 1955 ஆம் ஆண்டுகளில் கையடக்க வானொலிகள் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் விற்பனைக்கு வந்தன. 90 வோற்றுப் பற்றரி வழக்கொழிந்து, ‘டோர்ச் பற்றரி’ நான்கே போதுமென்ற நிலை வந்தது. லயத்துக்கு ஒன்றாயிருந்த வானொலி வீட்டுக்கு ஒன்றாயிற்று. ஒலியின் தரத்தில் இது முன்னேற்றமன்று. மூன்றங்குல ஒலிபெருக்கி பழைய மரப்பெட்டியின் நிறைவை என்றும் தரவில்லை. எண்ணிக்கை பெருகியதும் கூடிக் கேட்டல் அருகியதும் ஒருங்கே நிகழ்ந்தன.

1970களின் முற்பகுதி இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலம். புதுக்கருவி அரிது, ஆகவே பழையதைப் பழுதுபார்ப்பவன் மதிப்புப் பெற்றான். 1977 இல் பொருளாதாரம் திறக்கப்பட்டது. மத்திய கிழக்குக்கு உழைக்கச் சென்றோர் திரும்பும்போது ஒலிநாடாப் பெட்டிகளைக் கொண்டுவந்தனர். பிலிப்ஸ் நிறுவனம் 1963 இல் அறிமுகஞ்செய்த ஒலிநாடாவே மலையகத் தமிழரின் இல்லத்தில் முதல் இசைக் களஞ்சியமாயிற்று. ஒலி மங்கினால் இரு காரணங்கள் உண்டு: காந்தத் தலையில் படிந்த அழுக்கு ஒன்று, தலையின் சாய்வு நாடாவோடு பொருந்தாமை மற்றொன்று. முன்னதற்குப் பஞ்சும் ஸ்பிரிட்டும் போதும். பின்னதற்குத் தலையின் பக்கத்திலுள்ள நுண்ணிய திருகாணியைச் சிறிதே திருப்பவேண்டும். எவ்வளவு என்பதற்கு ‘ச’கர ஒலியே அளவுகோல், பாடகரின் ‘ச’ கூர்மையாக ஒலிக்கும் இடத்தில் நிறுத்தினால் சரி. பத்து வயதுச் சிறுவர் கண்ணாடி திருத்தும் சிறு திருப்புளியால் இதனைச் செய்து முடித்ததை யான் கண்டதுண்டு. எனினும் ஒரு பெட்டிக்குப் பொருந்தத் திருப்பியபின், மற்றொரு பெட்டியிற் பதிந்த நாடா மங்கிவிடும் என்பதை அவர்கள் அடுத்த வாரமே கற்றனர்.

இனி, பெட்டியும் அறையும். இக்கட்டுரையில் வலியுறுத்த விரும்பும் கருத்து இப்பகுதியிலேயே உள்ளது. நல்லொலிக்கு விலையுயர்ந்த விரியலாக்கியே முதன்மை என்பது பொதுவான நம்பிக்கை. வரலாறு அதற்கு மாறாகச் சான்று பகர்கின்றது. ரைஸ், கெலோக் என்னும் இருவர் 1925 இல் வெளியிட்ட இயங்குசுருள் ஒலிபெருக்கியே இன்றும் பெரும்பாலான வீடுகளில் உள்ளது. விரியலாக்கிகளின் திரிபு இருபதாம் நூற்றாண்டின் நடுவிலேயே செவிக்கு எட்டாத அளவுக்குத் தாழ்ந்துவிட்டது. ஒலிபெருக்கியும் அதன் பெட்டியும் அது நிற்கும் அறையும் செய்யும் திரிபோ இன்றும் பன்மடங்கு பெரிது. ஆதலின் சிறுதொகை உடையவன் அதன் பெரும்பகுதியை ஒலிபெருக்கிக்குச் செலவிட்டு, எஞ்சியதில் எளிய விரியலாக்கியை வாங்குதல் தகும். அவ்வாறு வாங்குமிடத்து ஒலிபெருக்கியின் தடங்கல் விரியலாக்கி தாங்கும் அளவுக்குக் குறையாதிருத்தலை நோக்குதல் வேண்டும். எட்டு ஓமுக்கென அமைந்த கருவியில் நான்கு ஓம் ஒலிபெருக்கிகள் இரண்டை ஒருங்கே இணைத்து அதனைச் சுட்டெரித்த பந்தல்காரர் பலர்.

மலைநாட்டில் ஒலிபெருக்கிப் பெட்டிக்கு எளிதிற் கிடைத்த பொருள் தேயிலைப் பெட்டியின் மெல்லிய ஒட்டுப்பலகை. காகிதச் சாக்குகள் வந்து அதன் இடத்தைப் பிடிக்கும்வரை, நம் தேயிலை அப்பெட்டிகளிலேயே உலகம் சுற்றியது. 1950களின் நடுவில் இங்கிலாந்தின் இளைஞர் வெறுந் தேயிலைப் பெட்டியில் ஒரு கோலையும் கயிற்றையும் பொருத்தி மந்தர வாத்தியமாக மீட்டினர். பின்னாளில் பீட்டில்ஸ் எனப் புகழ்பெற்ற குழுவின் தொடக்க அணியிலும் அவ்வாத்தியம் இருந்தது. இது பெட்டியின் பெருமையைக் காட்டுவதோடு அதன் குறையையும் காட்டுகின்றது. தட்டினால் அதிர்ந்து பாடும் பலகை வாத்தியத்துக்கு ஏற்றது. ஒலிபெருக்கியின் பெட்டியோ பாடலாகாது. யாழின் பத்தர் தன் ஒலியைச் சேர்க்கவேண்டும். ஒலிபெருக்கியின் பெட்டி தன் ஒலியை அடக்கவேண்டும். தேயிலைப் பெட்டிப் பலகையிற் செய்த பெட்டிகள் ஒரே சுரத்தில் முனகியமைக்கு இதுவே காரணம். பிரிக்ஸ் இதற்குக் கண்ட மருந்து எளியது: இரு மெல்லிய பலகைகளுக்கிடையே உலர்ந்த மணலை நிரப்பினார். மணல் அதிர்வை உண்டுவிடும். களனிக் கரையில் மணலுக்குப் பஞ்சமில்லை; வெயிலில் நன்கு உலர்த்துவதே நம் மலையில் அரிய வேலை. 1954 இல் அமெரிக்காவில் எட்கர் வில்ச்சர் காற்றுப் புகாத சிறு பெட்டியிலும் மந்தர ஒலி பெறலாம் எனக் காட்டினார். 1961 இல் அவுஸ்திரேலியரான தீல் என்பார் பெட்டியின் கனவளவை ஒலிபெருக்கியின் இயல்புகளிலிருந்து கணிக்கும் முறையை வகுத்தார். அதன்பின் பெட்டி செய்தல் தச்சுவேலையோடு கணிதமும் ஆயிற்று.

அறையைப் பற்றித் தமிழர் சிந்திக்காமலில்லை. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை ஆடலரங்கின் அகலத்தை ஏழு கோலாகவும், நீளத்தை எட்டுக் கோலாகவும், உயரத்தை ஒரு கோலாகவும் வரையறுக்கின்றது. இதனைக் கொண்டு பண்டைத் தமிழர் ஒலியியல் முழுவதையும் அறிந்திருந்தனர் என மேடையில் முழங்குதல் ஆராய்ச்சியாகாது. அளவு தற்செயலாக விடப்படவில்லை என்பதே அங்குப் பெறப்படும் உண்மை. காரைதீவு தந்த சுவாமி விபுலாநந்தர், இலண்டன் பல்கலைக்கழகத்து அறிவியற் பட்டதாரியாயிருந்தமையாலேயே, 1947 இல் வெளிவந்த யாழ் நூலில் நரம்பின் நீளத்தையும் சுரத்தின் விகிதத்தையும் கணக்கிட்டு எழுத முடிந்தது. அக்கணக்கையே அறைக்கும் போடலாம்.

லயத்து அறை பெரும்பாலும் 10 அடிக்கு 12 அடி. ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 1,130 அடி செல்லும். சுவர்களுக்கிடையே நின்றாடும் அலையின் மீடிறனைப் பெற, ஒலியின் வேகத்தை நீளத்தின் இருமடங்கால் வகுத்தல் வேண்டும். 12 அடிக்கு 47; 10 அடிக்கு 56 அல்லது 57. இவற்றின் இருமடங்கு 94, 113. இம்மீடிறன்களில் எழும் ஒலி அறையால் பெருக்கப்படும். ஏனையவை அவ்வாறு பெருகா. மிருதங்கத்தின் இடந்தலையும் தவிலின் தொப்பியும் சில அடிகளில் மிகுந்தும் சில அடிகளில் மறைந்தும் கேட்பது கலைஞர் குற்றமன்று. பெட்டியை மூலையில் வைத்தால் இக்குறை உச்சமடையும். இடமின்மையால் பெரும்பாலோர் மூலையிலேயே வைக்கின்றனர். மூலையிலிருந்து இரண்டடி நகர்த்தி, நிலத்திலிருந்து செவியுயரத்துக்கு ஏற்றி, எதிர்ச்சுவரில் கனத்த துணியையோ மடித்த மெத்தையையோ நிறுத்தினால், புதுக்கருவி வாங்கியது போன்ற மாற்றம் தோன்றும். துணி அடக்குவது உச்ச ஒலிகளின் எதிரொலியையே. மந்தர முழக்கத்தைத் திருத்துவது பெட்டி நகர்ந்தமையும் கேட்போன் அமருமிடம் மாறியமையுமே. உயர்தர வகுப்பு மாணவர் ஓர் அறையின் நடுவில் நின்று கைதட்டி, எதிரொலி எவ்வளவு நேரம் நிற்கின்றது எனக் கேட்டு, மெத்தையை வைத்தபின் மீண்டும் தட்டிப் பார்க்கலாம். பௌதிகப் பாடத்துக்கு இது நல்ல செய்முறை, செலவில்லை.

இன்று திறன்பேசியும் உள்ளங்கையளவு ஒலிபெருக்கியும் எல்லார் கையிலும் உள்ளன. நுண்பதிவாகிய இசையில் மூல ஒலி 78 சுற்றுத் தட்டு கனவிலும் கண்டிராத அளவு நிறைவாக உள்ளது. ஆயின் அது வெளிவரும் வாயில் திரான்சிஸ்டர் வானொலியினும் குறுகியது. பழைய மரப்பெட்டி வானொலி ஒன்று வீட்டில் கிடந்தால், அதனை விறகாக்காது ஒலிபெருக்கியையும் பெட்டியையும் காத்துவைத்தல் தகும். கூம்பின் காகிதம் ஈரத்தால் தளர்ந்தோ பூஞ்சை படர்ந்தோ இராவிடின், எளிய விரியலாக்கியோடு இணைத்த அளவில் அது மீண்டும் பாடும். சில ஆண்டுகளுக்கு முன்னர் அவ்வாறு காத்த ஒரு பெட்டியை நகரத்துத் திருத்துநர் ஒருவர் ‘உதவாது’ எனக் கழித்துப் புதியதொன்றை வாங்கும்படி கூறினார். அறுந்திருந்தது ஒரு மெல்லிய கம்பி மட்டுமே. ஒட்டியபின் அது இன்றும் இயங்குகின்றது.

பொல்பிட்டியச் சரிவில் ஒரு தடை மட்டும் நீங்கவில்லை. தென்மேற்குப் பருவக்காற்று வைகாசியில் தொடங்கிப் புரட்டாதிவரை பொழிகின்றது. நீர்த்தேக்கங்கள் நிறைந்து சுழலிகள் ஓயாது சுழல்வதும், மின்சாரம் மிகுந்து பிறப்பதும் அம்மாதங்களிலேதான். தகரக் கூரையின்மேல் விழும் மழையோ எவ்வகைக் கருவியின் ஒலியையும் மூழ்கடித்துவிடும். கூரைக்குக் கீழே சாக்கையோ பலகையையோ அடித்தவர்கள் ஓரளவு தப்பினர். ஏனையோர் மழை விடும் நடுநிசியை எதிர்நோக்கி விழித்திருந்து கேட்கின்றனர்.